அஷ்லாந்துக்கு மேற்கே: ஒரு மூஸ் வேட்டைக்கான ஆயத்தப் பயணம்

புதன்கிழமை, இரவு

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மெய்ன் மாநிலத்தில், மான் இனத்திலேயே மிகப் பெரிய விலங்கான மூஸின் வேட்டை குலுக்கலில்தான் தொடங்குகிறது. மே மாத நடுப்பகுதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் ஏதாவது ஓர் ஊரில் மக்கள் கூடியிருக்கப் பெயர்களை வாசிக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் நாலாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அனுமதிகளுக்குப் பல்லாயிரம் பேர் போட்டியிடுகிறார்கள், அவற்றிலும் வெளிமாநிலத்தாருக்குக் கிடைப்பது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். பெயர் வராமல் போனவருக்கு ஆறுதலாகக் கூடுதல் புள்ளி உண்டு: முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ஒன்று, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு இரண்டிரண்டு, அதற்கடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மும்மூன்று, பதினாறாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்குப் பத்து எனப் புள்ளிகள் ஏறுகின்றன. புள்ளி ஏற ஏற வாய்ப்பு கூடுமே தவிர, அதனாலேயே அனுமதி உறுதியாகிவிடாது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் உண்டு. முதல் ஆண்டிலேயே கிடைத்தவர்களும் உண்டு.

என் மனைவியின் அண்ணன், என் மச்சான், நெடுங்காலமாக விண்ணப்பித்து வந்தவர். இந்த ஜூனில் அவர் பெயர் வந்தது. 5-ஆம் வனவிலங்கு மண்டலம், செப்டம்பர் கடைசி வாரம், ஆண் மூஸ் ஒன்று. அனுமதி பெற்றவர் தம்மோடு இன்னொருவரைத் துணை அனுமதியாளராகச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது விதி. இருவரும் துப்பாக்கி ஏந்தலாம், ஆனால் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு விலங்குதான். அந்த இரண்டாவது பெயராக என்னை எழுதிக்கொண்டார். வேட்டைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே, வழிகாட்டியைச் சந்தித்து நிலத்தைப் பார்த்துவிட்டு வருவதற்காக நாங்கள் இருவரும் புறப்பட்டு வந்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் பார்த்ததையும் முடிவு செய்ததையும் அன்றன்றே எழுத எண்ணியிருக்கிறேன். தமிழில் இதைப் பற்றி எழுதியவர்கள் அரிது என்பதோடு, வேட்டையைவிட அதற்கான திட்டமிடல்தான் அதிகம் சொல்லப்பட வேண்டியது என்று எனக்குப் படுகிறது.

நாங்கள் வசிப்பது நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரத்தில். எங்கள் மாநிலத்திலும் மூஸ் உண்டு, குலுக்கலும் உண்டு. அங்கே 1988-இல் 75 அனுமதிகளோடு தொடங்கிய வேட்டை 2007-இல் 675 அனுமதிகள் வரை வளர்ந்தது, பிறகு மூஸ்களின் எண்ணிக்கை சரியத் தொடங்கியதால் இப்போது சில டஜன் அனுமதிகளாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் மச்சான் இரு மாநிலங்களிலும் விண்ணப்பித்து வந்தார்.

நாஷுவாவிலிருந்து, மெய்னின் வடபகுதியில் உள்ள அஷ்லாந்து ஊருக்கு ஆறு மணி நேரத்துக்கும் மேற்பட்ட பயணம். பேங்கர் நகரத்தைத் தாண்டியதும் நெடுஞ்சாலையில் வண்டிகள் குறைந்துவிடுகின்றன. மெட்வே அருகே சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி கட்டாடின் மலையைப் பார்க்க ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து இன்னும் வடக்கே சென்று ஷெர்மன் ஊரில் நெடுஞ்சாலையை விட்டிறங்கி, 11-ஆம் எண் சாலையில் பேட்டன், மஸார்டிஸ் வழியாக அஷ்லாந்து வந்து சேர்ந்தோம். கிழக்கே அரூஸ்டுக் மாவட்டத்தின் உருளைக்கிழங்கு வயல்கள், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரை காடு. பெட்ரோல் நிரப்பக் கடைசி இடம் இந்த ஊர்தான் என்பதால், தங்குமிடம் போகும் முன்பே வண்டியை நிரப்பிக்கொண்டோம்.

வியாழக்கிழமை

இன்று முழுவதும் வழிகாட்டியின் வீட்டு மேசையில் கழிந்தது. அவர் அறுபதைக் கடந்த பெண்மணி, மெய்ன் மாநிலத்தின் பதிவு பெற்ற வழிகாட்டி. எங்களைப் போன்ற வெளிமாநிலத்துக்காரர்கள் வழிகாட்டி இல்லாமலும் வேட்டையாடச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் ஊரும் காடும் தெரியாத நாங்கள், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறுவதில் பொருளில்லை என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம்.

வழிகாட்டி உரிமம் இங்கே வெறும் காகிதமல்ல. 1897-இலேயே இந்த மாநிலம் வழிகாட்டிகளைப் பதிவு செய்யச் சட்டம் இயற்றியது. முதல் உரிமம் கார்னீலியா கிராஸ்பி என்ற பெண்மணிக்கு வழங்கப்பட்டது. இன்றும் தேர்வெழுதி, தேர்வாளர்கள் முன் வாய்மொழியாகவும் பதில் சொல்லித்தான் அந்த உரிமத்தைப் பெற முடியும். வரைபடமும் திசைகாட்டியும் வைத்து வழி கண்டுபிடிப்பது, காட்டில் ஒருவர் காணாமல் போனால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில் கேட்கப்படும்.

அம்மையார் எங்களுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, வேறு எதையும் பேசும் முன் கேட்ட கேள்வி இது: “கொம்பு வேண்டுமா, கறி வேண்டுமா?”

மச்சான் என்னைப் பார்த்தார். “இத்தனை வருஷம் காத்திருந்தாச்சு, மாப்பிள்ளை. நல்ல அகலமான கொம்பா இருக்கணும்னுதான் ஆசை” என்றார். எனக்கோ கறிதான் முதன்மை. இதை அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். அம்மையார் எங்களுக்கிடையில் நடந்ததை முகத்திலேயே புரிந்துகொண்டு, இதற்கான பதிலை இன்றே தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும், காட்டில் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்றார். ஒரு பெரிய ஆண் மூஸ் அறுபது கஜத்தில் வந்து நிற்கும்போது இருவர் குசுகுசுவென்று விவாதிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறாராம். அந்த நேரத்தில் யார் சொல்வதும் யார் காதிலும் ஏறாது.

நெடுநேரப் பேச்சுக்குப் பிறகு நாங்கள் எழுதியது இதுதான். இந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேட்டை சட்டப்படி கிடையாது, ஆகவே மூஸ் வேட்டைக் காலம் திங்கள் முதல் சனி வரைதான். திங்கள், செவ்வாய், புதன் ஆகிய மூன்று நாள்களும் மச்சான் விரும்பும் கொம்புக்காகக் காத்திருப்போம். வியாழன் விடிந்ததிலிருந்து, நன்கு வளர்ந்த எந்த ஆண் மூஸானாலும் சரி. முதல் சுடும் உரிமை மச்சானுக்கு. நான் சுடுவது அவர் சொன்னால் மட்டும், அல்லது அடிபட்ட விலங்கு எழுந்து போக முயன்றால் மட்டும். ஆணா பெட்டையா என்பதில் மூவருக்கும் ஐயமே இல்லை என்றால் ஒழிய விசையில் விரல் போகக் கூடாது, ஏனென்றால் எங்கள் அனுமதி ஆணுக்கு மட்டுமே.

பிறகு பணம். வெளிமாநிலத்தாருக்கு மூஸ் அனுமதிக் கட்டணம் 585 டாலர். உள்ளூர்க்காரர் கட்டுவது 52 டாலர்தான். அதோடு பெருவிலங்கு வேட்டை உரிமத்தை இருவரும் தனித்தனியே வாங்க வேண்டும். அதற்கு வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் காட்ட வேண்டும். வழிகாட்டிக்குக் கொடுப்பது இவை எல்லாவற்றையும்விட மிக அதிகம். ஆகவே எது அதில் அடங்கும், எது அடங்காது என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டோம்: தங்குமிடமும் சாப்பாடும் அடங்கும்; விழுந்த விலங்கைச் சாலைக்குக் கொண்டுவருவது அடங்கும்; கறி வெட்டும் கூலியும் தலையைப் பாடம் செய்வதும் அடங்காது. முன்பணம் எந்தச் சூழ்நிலையில் திரும்பக் கிடைக்கும் என்பதும் எழுத்தில் இருக்கிறது. இப்படிக் கேட்பது நாகரிகக் குறைவாகிவிடுமோ என்று தயங்கத் தேவையில்லை. கேட்காமல் வருகிறவர்களைக் கண்டால்தான் தமக்குப் பயம் என்று அம்மையாரே சொன்னார்.

மதியத்துக்குப் பிறகு பேச்சு குலுக்கலின் வரலாற்றுக்குத் திரும்பியது. 1935-இல் இந்த மாநிலம் மூஸ் வேட்டையை முழுவதுமாக நிறுத்தியது. வேட்டை மீண்டும் தொடங்கியது 1980-இல்தான், அதுவும் 700 அனுமதிகளோடு, ஓர் ஆண்டுச் சோதனையாக. 1982 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. 1983-இல் இதைத் தடை செய்ய வேண்டுமா என்று மாநிலம் தழுவிய வாக்கெடுப்பே நடந்து, மக்கள் தடை வேண்டாம் என்று தீர்ப்பளித்தார்கள். மூஸ்கள் இவ்வளவு பெருகியதற்கு வேட்டைத் தடை மட்டும் காரணமல்ல. 1970-களிலும் 80-களிலும் ஸ்ப்ரூஸ் மரங்களை ஒருவகைப் புழு பேரளவில் அழித்தபோது, மரக் கம்பெனிகள் சாகவிருந்த மரங்களைப் பரந்த பரப்பில் வெட்டியெடுத்தன. வெட்டிய இடங்களில் முளைத்த பிர்ச், மேப்பிள் போன்ற இளஞ்செடிகள் மூஸுக்கு விருந்தாயின. எத்தனை அனுமதி கொடுக்கலாம் என்பதை மாநிலத்தின் உயிரியலாளர்கள் மண்டலவாரியாக ஆண்டுதோறும் கணக்கிட்டுச் சொல்கிறார்கள். மச்சானுக்குக் கிடைத்த சீட்டு அந்தக் கணக்கில் ஒரு பங்கு. இதை அம்மையார் விளக்கியபோது, எனக்கு இந்த அனுமதியின் மீதிருந்த மதிப்பு இன்னும் உயர்ந்தது.

நாளை விடிவதற்கு முன் காட்டுக்குள் போகிறோம்.

வெள்ளிக்கிழமை

அஷ்லாந்துக்கு மேற்கே அமெரிக்கன் ரியால்டி சாலையில் சிக்ஸ் மைல் சோதனைச் சாவடி இருக்கிறது. அதற்கு அப்பால் தொடங்குவது நார்த் மெய்ன் வுட்ஸ் என்ற அமைப்பு நிர்வகிக்கும் காடு, ஏறத்தாழ 35 லட்சம் ஏக்கர். இதில் பெரும்பகுதி தனியார் மரக் கம்பெனிகளுக்கும் குடும்பங்களுக்கும் சொந்தமானது. சாவடியில் பெயர், வண்டி எண், போகுமிடம் ஆகியவற்றைப் பதிந்து, ஆளுக்கு ஒரு கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே போகலாம். சாலை தார் போடாதது. மரம் ஏற்றிய லாரிகளுக்கே இங்கே முன்னுரிமை. அவை நகரச் சாலைகளில் அனுமதிக்கப்படாத அகலமும் எடையும் கொண்டவை. தூரத்தில் தூசி எழுந்தாலே ஒதுங்கி நின்றுவிட வேண்டும். கைப்பேசி வேலை செய்யாது என்பதால் அம்மையார் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி வைத்திருக்கிறார். உபரிச் சக்கரம் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்றும் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இங்கே எங்கள் திட்டத்தையே மாற்றிய விதி ஒன்று உண்டு. ஏ.டி.வி. எனப்படும் சிறிய நான்கு சக்கரக் காட்டு வண்டிகளுக்கு இந்தக் காட்டில் இடமில்லை. மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் குதிரையும்கூடக் கூடாது. குடல் நீக்கிய பிறகும் எழுநூறு பவுண்டு எடை இருக்கக்கூடிய ஒரு விலங்கை, சாலைக்கு இழுத்து வர எந்த வண்டியும் உள்ளே போக முடியாது. அம்மையாரிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் சிறிய கயிறு இழுவைப் பொறி ஒன்று, கப்பிகள், கனத்த பிளாஸ்டிக் சறுக்குப் பலகை, ஆயிரம் அடிக் கயிறு. கயிற்றின் நீளம் பார்த்துக் கிணற்றில் வாளி இறக்குவதுபோலத்தான் இந்த வேட்டை: எங்கே சுடலாம் என்பதைக் கயிறுதான் தீர்மானிக்கிறது.

விடியற்காலையில் சாலையிலிருந்து இறங்கி, சில ஆண்டுகளுக்கு முன் மரம் வெட்டப்பட்ட ஒரு சரிவுக்குப் போனோம். அம்மையார் ஒரு மேப்பிள் செடியின் கிளையை வளைத்துக் காட்டினார். நுனி கத்தியால் வெட்டியதுபோல் இல்லாமல், நார்நாராகப் பிய்ந்திருந்தது. மூஸுக்கு மேல் தாடையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப் பற்களுக்கும் மேலண்ணத்துக்கும் இடையே கிளையைப் பிடித்து இழுத்துப் பிய்ப்பதால் இந்தக் கோலம். முயல் கடித்திருந்தால் சாய்வாக, சுத்தமாக வெட்டுப்பட்டிருக்கும். பிய்ந்த நுனி என் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. அருகே சேற்றில் பதிந்திருந்த குளம்புத் தடத்தில் என் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். விரல்களின் நுனி தடத்தின் முனைக்குச் சற்றே முன்னால் நின்றது. சேறு மென்மையாக இருந்ததால் பின்குளம்புகளின் இரு சிறு புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன.

சூரியன் மரங்களுக்கு மேலே வந்த சிறிது நேரத்தில், கீழே ஆழமில்லாத ஒரு குளத்தில் ஆண் மூஸ் ஒன்று நின்றிருந்தது. தலையைத் தண்ணீருக்குள் முழுவதுமாக அமிழ்த்தி, நீர்த்தாவரங்களை வாய் நிறைய இழுத்து மென்றது. கோடையில் உப்புச் சத்துக்காக அவை நீர்ச்செடிகளைத் தேடி வருகின்றன. கொம்பு இன்னும் மென்மயிர்த் தோலால் மூடப்பட்டிருந்தது; அதன் விளிம்புகள் தடித்தும் மங்கலாகவும் தெரிந்தன. அந்தத் தோல் இந்த ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ உரிந்துவிடும். தாடையின் கீழே தொங்கிய தோல் மடிப்பிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. மச்சான் மூச்சு விடுவதையே மறந்துவிட்டார்.

விலங்கு மறைந்ததும் அம்மையார் மச்சானிடம் கேட்டார்: இது செப்டம்பராக இருந்தால் சுடுவீர்களா? சுடுவேன் என்றார் மச்சான். சாலையிலிருந்து நூறு கஜம்தானே இருக்கும் என்றார். அப்படியானால் நடந்து பாருங்கள் என்றார் அம்மையார். நேர்க்கோட்டில் தூரமானி காட்டிய அளவு மச்சான் சொன்னதற்கு அருகில்தான் இருந்தது. ஆனால் இடையில் ஆல்டர் புதர்கள் பின்னிக் கிடந்த சதுப்பு, அதற்குள் விழுந்து மட்கிய மரங்கள், முழங்காலளவு கறுப்புச் சேறு. கயிற்றை நேராக இழுக்க முடியாது; கப்பிகளை மரத்துக்கு மரம் மாற்றிக் கட்டி, விலங்கை நீரிலிருந்து கரையேற்றுவதற்குள்ளேயே அரை நாள் போய்விடும். நீரில் நிற்கும் மூஸைச் சுடுவதே இல்லை என்பது அவருடைய முதல் விதி. குளிர்ந்த தண்ணீரில் விழுந்த எழுநூறு பவுண்டு உடலை அங்கேயே வைத்து அறுக்க முடியாது, கறியும் பாழாகும். விலங்கு தானே கரையேறி உலர்ந்த நிலத்துக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும், வராவிட்டால் போகட்டும்.

இதன் பிறகு பார்த்த ஒவ்வோர் இடத்திலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: இங்கே விழுந்தால் எப்படி வெளியே வரும்? சரிவின் மேல்பகுதி, முன்பு வெட்டிய மரங்களை இழுத்துச் சென்ற தடங்களின் ஓரம், கயிறு நேராக எட்டும் திறந்தவெளி எனச் சரியென்று பட்ட இடங்களை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகவும், எவ்வளவு பெரிய கொம்பு வந்தாலும் சுடக் கூடாத இடங்களைச் சிவப்புப் புள்ளியாகவும் குறித்தோம். மாலைக்குள் பச்சையைவிடச் சிவப்பே மிகுந்திருந்தது. அம்மையாருக்கு அது திருப்தியளித்தது. முதல் திங்களன்று இந்தச் சாலைகளில் வண்டிகள் நிறைந்திருக்கும்; ஒரு வெட்டுப்பகுதியின் வாயிலில் வேறொருவர் வண்டி நின்றால் அங்கே நுழையாமல் அடுத்த இடத்துக்குப் போவதே இங்குள்ளோர் மரபு. ஆகவே ஒவ்வொரு காலைக்கும் மாற்றிடங்கள் வேண்டும் என்பதற்காகவே இத்தனை இடங்களைப் பார்த்தோம்.

சனிக்கிழமை

இன்று இரண்டு பொருள்களைப் பற்றிக் கற்றோம்: அழைப்பும், கறியும்.

செப்டம்பர் கடைசி வாரத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. இணைசேரும் பருவம் அப்போது தொடங்குகிறது. பெட்டையின் நீண்ட முனகலைப் பிர்ச் பட்டையால் சுருட்டிய கூம்புக் குழலில் ஊதிக் காட்டினார் அம்மையார். இந்த நிலத்தின் தொல்குடியினரான வபனாக்கி மக்களிடமிருந்து வந்த கருவி அது. உலர்ந்த தோள்பட்டை எலும்பு ஒன்றைப் புதரில் உரசினால், ஆண் மூஸ் கொம்பால் செடிகளை அடிப்பது போன்ற ஓசை எழும். போட்டிக்கு இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று நினைத்து, கேட்டுக்கொண்டிருக்கும் ஆண் நெருங்கி வரும். நேராக வராது, காற்றின் கீழ்ப்புறமாக, அதாவது காற்று வீசிச் செல்லும் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கும். எனவே அழைப்பவர் ஓரிடத்திலும் சுடுபவர் அவருக்குக் காற்றின் கீழ்ப்புறத்தில் வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும். முனகலுக்குப் பிறகு இருபது, முப்பது நிமிடம் அசையாமல் இருக்கத் தெரிய வேண்டும். சிலசமயம் ஒரு மணி நேரம் கழித்து ஓசையே இல்லாமல் வந்து நிற்கும்.

அதே செப்டம்பருக்குத் தீமையும் உண்டு, அது வெப்பம். அக்டோபர் வேட்டைக்காரருக்கு இலை உதிர்ந்த காடும் குளிர்ந்த காற்றும் கிடைக்கும். எங்களுக்கு நண்பகலில் 70 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறக்கூடும். மூஸின் கறுத்த தடித்த தோலும் பெரிய உடலும் வெப்பத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். தொடைக்கறியில் எலும்பையொட்டிய பகுதிதான் முதலில் கெடும். ஆகவே விலங்கு விழுந்த பிறகு ஓய்வே கிடையாது: அடையாள டேக்கைக் கட்டுவது, குடலை நீக்குவது, உடற்குழியில் பனிக்கட்டிப் பைகளை நிரப்புவது, தோலை விரைவில் உரிப்பது. கூடுமானவரை காலையில் சுட வேண்டும். மாலை வெளிச்சம் மங்கும் நேரத்தில் சுட்டால் இருட்டில் தேடி, இரவெல்லாம் இழுக்க வேண்டியிருக்கும். சனிக்கிழமை மாலை தவிர வேறு எந்த மாலையிலும் கடைசி அரை மணி நேரத்தில் சுடுவதில்லை என்று இதையும் எங்கள் தாளில் சேர்த்துக்கொண்டோம்.

கறி வெட்டித் தரும் கடைக்கும் போய் வந்தோம். ஒரே வாரத்தில் எல்லோரும் வருவார்கள் என்பதால் குளிர்அறையில் இடத்தை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், சொல்லிவைத்தோம். எலும்பு நீக்கிய கறி மட்டுமே முந்நூற்றைம்பது பவுண்டைத் தாண்டக்கூடும் என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டு உறைபெட்டிகள் இரண்டும் சேர்ந்தாலும் போதாது, ஆகவே உறவினர் மூவருக்கு இன்றே தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மச்சான் ஈரலைப் பற்றிக் கேட்டார். மிளகுப் பொடி போட்டு வறுக்க வேண்டும் என்பது அவர் நெடுநாள் எண்ணம். மூஸின் ஈரலையும் சிறுநீரகத்தையும் சாப்பிட வேண்டாம் என்று மாநிலச் சுகாதாரத் துறையே அறிவுறுத்துகிறது, காட்மியம் என்ற உலோகம் அவற்றில் சேர்ந்திருக்கும் என்றார் அம்மையார். மச்சான் முகம் வாடிவிட்டது. ஆனால் இதயத்துக்கு அந்தத் தடை இல்லை என்று தெரிந்ததும் தேறிக்கொண்டார்.

பதிவு நிலையம் பற்றியும் குறிப்பிட வேண்டும். வேட்டையாடிய ஒவ்வொரு மூஸையும் அங்கே காட்டிப் பதிய வேண்டும். உயிரியலாளர்கள் ஒரு முன்பல்லைப் பிடுங்கி எடுத்துக்கொள்கிறார்கள். பல்லின் வேரை மெல்லிய தகடாக அறுத்தால் அதில் தெரியும் வளையங்கள் விலங்கின் வயதைச் சொல்லும். உடம்பில் உள்ள உண்ணிகளையும் எண்ணுகிறார்கள். இந்த உண்ணிதான் இன்றைக்கு மூஸுக்கு முதல் எதிரி. குளிர்கால உண்ணியின் குஞ்சுகள் இலையுதிர்காலத்தில் செடி நுனிகளில் கொத்துக் கொத்தாகத் தொற்றி நின்று, கடந்து செல்லும் மூஸின் மீது ஏறிக்கொள்கின்றன. குளிர்காலம் முழுவதும் அதன் இரத்தத்திலேயே வளர்கின்றன. ஒரே விலங்கின் மேல் பல்லாயிரக்கணக்கில் இருக்கும். பனி தாமதமாக விழும் ஆண்டுகளில் அவை ஏறிக்கொள்ள நாள்கள் அதிகம் கிடைக்கின்றன. 2021–22 குளிர்காலத்தில் வடமேற்கு மெய்னில் ஆய்வுக்காகக் கழுத்துப்பட்டை அணிவித்த 70 கன்றுகளில் 60 இறந்துபோயின. எங்களுக்கு அடுத்துள்ள 4-ஆம் மண்டலத்தின் மேற்குப் பாதியில், மூஸ்களின் அடர்த்தியைக் குறைத்தால் உண்ணியும் குறையுமா என்று அறிய 2021 முதல் பெட்டைகளுக்குக் கூடுதல் அனுமதி கொடுத்துப் பார்த்து வருகிறார்கள்.

இதைக் கேட்ட எனக்கு முதலில் ஏற்க மனம் வரவில்லை. செத்துக்கொண்டிருக்கும் விலங்கைக் காக்க அதையே கொல்வதா என்று அம்மையாரிடம் கேட்டேன். வசந்தத்தில் முடியெல்லாம் தேய்த்து உதிர்த்து, வெளிறிப்போய், எழ முடியாமல் கிடக்கும் கன்றுகளைத் தாம் பார்த்திருப்பதாகவும், அப்படிச் சாவதைவிட மோசமான சாவு காட்டில் இல்லை என்றும் அவர் சொன்னார். சோதனை என்ன முடிவைத் தந்தாலும், அந்த முடிவுக்குத் தேவையான பற்களும் எண்ணிக்கைகளும் வேட்டைக்காரர்கள் கொண்டுவரும் விலங்குகளிலிருந்துதான் கிடைக்கின்றன என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, திரும்பும் வழியில்

புறப்படும் முன் ஒப்பந்தத் தாளை மீண்டும் ஒருமுறை மூவரும் சேர்ந்து படித்தோம். மச்சான் தாமாகவே பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: சிவப்புப் புள்ளியிட்ட இடத்தில் நிற்கும் மூஸை, கொம்பு எவ்வளவு அகலமானாலும், எந்த நாளிலும் சுடுவதில்லை. இரண்டு நாள்களுக்கு முன் அவர் இதை எழுதியிருக்க மாட்டார். அம்மையார் எதுவும் சொல்லாமல் அதன் கீழே தம் கையெழுத்தைப் போட்டார்.

இனி வீட்டில் செய்ய வேண்டியவை உள்ளன. வழிகாட்டி சொன்னபடி, நூறு கஜத்தில் கட்டையைத் தாங்கலாக வைத்தும், பிறகு மண்டியிட்டும், நின்றும் சுட்டுப் பழக வேண்டும். மேசையில் உட்கார்ந்து சுடும் பழக்கம் காட்டில் உதவாது. இருவருடைய ரைபிளும் .30-06 என்பதால் ஒரே வகைத் தோட்டாவை வாங்கி, அதே தோட்டாவில் ஸ்கோப்பைச் சரிசெய்துகொள்ளப் போகிறோம். தோளுக்குப் பின்னே நுரையீரலில் பட்டாலும் மூஸ் உடனே விழாமல் சற்று நேரம் நின்றுகொண்டோ நடந்துகொண்டோ இருக்கும், ஆகவே விழும் வரை அடுத்த குண்டுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டம் கேட்கும் செம்மஞ்சள் தொப்பிகள், முழங்கால் வரையிலான ரப்பர் காலணிகள், ஆளுக்கு இரண்டு கத்திகள், கறிக்கான துணிப்பைகள், நான்கு பெரிய ஐஸ் பெட்டிகள் ஆகியவற்றை மச்சான் வண்டியிலேயே பட்டியலிட்டுவிட்டார்.

பேங்கரில் சாப்பிட நிறுத்தியபோது முன்பணத்தின் இரண்டாம் தவணையை அனுப்பினோம். வேட்டைக்கு முந்தைய சனிக்கிழமை காலையிலேயே நாங்கள் அஷ்லாந்தில் இருக்க வேண்டும்; அன்று மாலையும் ஞாயிறும் துப்பாக்கி இல்லாமல் பச்சைப் புள்ளிகளைச் சுற்றி வந்து, புதுத் தடங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்த பிறகே திங்கள்கிழமைக்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பதாக உடன்பாடு. அலுவலகத்தில் அந்த வாரத்துக்கு விடுப்பு கேட்டு நாளைக் காலை மடல் அனுப்புகிறேன்.